டவருக்கு எத்தனை படி

ஜனவரி 12

ஸ்க்ரூவுக்கு,

இருபத்தெட்டு வயதானவனை இன்னும் இப்படிக் கூப்பிடுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. வீட்டில் இருந்த கடிகாரம், ரேடியோ, அப்பாவின் மூக்குக்கண்ணாடி என்று ஒன்றையும் விடாமல் கழற்றிப் போட்டவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

போனில் சொல்ல வேண்டியதை அக்கா ஏன் கடிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் உன்னிடம் ஒரு வாக்கியத்தை நான் முழுதாகச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று? "சரி, விஷயத்துக்கு வா" என்பாய். நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சைட்ல இருக்கேன், வைக்கிறேன்" என்பாய். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அதுவே ஒரு நிம்மதி. பதிலும் கடிதமாகத்தான் வர வேண்டும். போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

இதோ, விஷயம். இந்த வசந்தத்தில் உன் நகரத்துக்கு வருகிறேன். ஏப்ரல் பதினொன்றிலிருந்து நான்கு நாள். நீ அங்கே போய் ஆறு வருஷம் ஆகிறது. நீ "வா வா" என்பதும் நான் "அடுத்த வருஷம்" என்பதுமாகவே காலம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சலவைப் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன், சேர்ந்தாற்போல் நான்கு நாள் கேட்டது இதுதான் முதல் தடவை. சூப்பர்வைசர் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்றார். "யாருக்கும் இல்ல சார், ஊர் சுத்திப் பாக்கப் போறேன்" என்றேன். மனிதர் நம்பவே இல்லை.

என் வீட்டுக்காரர், உன் மாமா, வரவில்லை. அம்மாவைத் தனியாக விட முடியாது, அவருக்கும் கூட்டம் ஆகாது. "நீ பாத்துட்டு வந்து சொல்லு, நான் பாத்த கணக்குல எழுதிக்கலாம்" என்கிறார்.

பார்க்க வேண்டியவை இவை. ஆற்றில் படகு. பூமரங்கள் நிறைந்த அந்தப் பெரிய பூங்கா. ஏப்ரலில் இரண்டே வாரம்தான் பூக்குமாம், பத்திரிகையில் வந்த படத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். பழைய ரயில் என்ஜின் மியூசியம், மாமாவுக்காக. கடைசியாக டவர். மேலே நின்றால் ஆறு கடலில் சேருவது தெரியும் என்கிறார்களே, உண்மையா?

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். டவருக்கு எத்தனை படி? தங்குகிற இடமும் கீழ்த்தளமாக இருக்க வேண்டும். உன் வீடு ஆறாவது மாடியில் இருப்பதால்தான் இத்தனை வருஷம் நான் வரவில்லை. அது உனக்கே தெரியும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜனவரி 21

அக்கா,

படித்தேன். பாதியில் வைக்கவில்லை.

டவருக்கு ஆயிரத்து நூற்று அறுபது படி. அது தீப்பிடித்தால் இறங்குவதற்கான படிக்கட்டு, பொதுமக்களுக்குப் பூட்டியே இருக்கும். ஆகவே கேள்வியே தப்பு. லிஃப்டில் நாற்பத்தெட்டு வினாடி.

அட்டவணை போட்டுவிட்டேன்.

முதல் நாள்: காலை 6.40 ரயில். 7.30 என் வீடு. 10.00 பூங்கா (வடக்கு வாசல், கூட்டம் குறைவு). 1.00 சாப்பாடு. 3.00 படகு.
இரண்டாம் நாள்: 9.00 மியூசியம். நீ என்ஜின்களை எவ்வளவு நேரம் பார்ப்பாய் என்று தெரியவில்லை, இரண்டு மணி நேரம் விட்டிருக்கிறேன்.
மூன்றாம் நாள்: 8.30 டவர். முதல் ஆளாக ஏறிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம்.
நான்காம் நாள்: கடைத்தெரு, ரயில்.

கீழ்த்தளத்தில் எல்லாம் ரூம் பார்க்க முடியாது. மூன்று மாடிக்கு மேல் இருக்கும் எந்தக் கட்டடத்திலும் இங்கே லிஃப்ட் உண்டு. அதில் ஏறு. ஒரு லிஃப்டை ஆறு கம்பிக்கயிறுகள் தாங்குகின்றன. ஆட்களோடு சேர்த்து முழுப் பாரத்தையும் அதில் ஒரே ஒரு கயிறே தாங்கிவிடும். ஆறும் அறுந்தாலும் பெட்டிக்கு அடியில் இருக்கும் பிடிப்பான்கள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். நான் மாதம் நாற்பது லிஃப்ட் சர்வீஸ் செய்கிறேன், பெட்டியின் கூரைமேல் நின்றபடியே மேலும் கீழும் போய்வருகிறேன். நீ தெருவைக் குறுக்கே கடப்பது இதைவிட ஆபத்து.

பதினாறு வயதில் ஒரு தடவை மாட்டிக்கொண்டாய். அது முடிந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. பெட்டியில் காற்றுக்குத் துவாரம் உண்டு, யாரும் மூச்சுத் திணறிச் சாவதில்லை. முப்பத்தைந்து வயதில் ஒரு இரும்புப் பெட்டிக்காக ஊரையே பார்க்காமல் இருப்பது அசட்டுத்தனம். கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொன்னேன்.

ஆறு கடலில் சேருவது தெரியும். மேகம் இல்லாமல் இருந்தால்.

தம்பி

*

பிப்ரவரி 3

ஸ்க்ரூவுக்கு,

அட்டவணையை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "மூச்சு விடறதுக்கு எந்த நேரம்னு போடலையே" என்றார்.

கயிறு அறுந்துவிடும் என்று நான் என்றைக்குச் சொன்னேன்? ஆறு கயிறு என்று எனக்கும் தெரியும், நீ படித்து வந்த வருஷமே சொன்னாய். என் பயம் கயிற்றைப் பற்றியது இல்லை. நீ அந்தப் பெட்டிக்குள் இல்லை. அதனால் இந்த ஒரு தடவை மட்டும் முழுக்க எழுதுகிறேன்.

அன்று அம்மாவும் அப்பாவும் வெளியே போயிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கீழே லிஃப்டில் ஏறினேன். உள்ளே பல்பு ஒரு வாரமாக எரியவில்லை. மூன்றாவது மாடியைத் தாண்டியதும் நின்றது. கும்மிருட்டு. மணியை அமுக்கினேன், அடிக்கவில்லை. உச்சியில், மோட்டார் இருக்கும் மெஷின் ரூமில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்தில் சாவிக்கொத்து இருந்தது ஒரே ஒரு ஆளிடம்தான், வாட்ச்மேன். அப்பாடா, ஆள் இருக்கிறான் என்று கத்தினேன். சாவிச் சத்தம் நின்றது. நான் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்கிறது. பிறகு கதவைச் சாத்துகிற சத்தம். காலடி ஓசை போய்விட்டது.

உன்னையும் கூப்பிட்டேன். நான்காவது மாடியில் நம் வீட்டில் நீ மட்டும்தான் இருந்தாய். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய், பாவம், உனக்கு எப்படிக் கேட்கும். மூன்றரை மணி நேரம். நான் பள்ளிச் சீருடையிலேயே நனைந்து உட்கார்ந்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கயிற்றுக்கு நீ கணக்குச் சொல்வாய். காதில் விழுந்தும் விலகிப் போகிற மனிதனுக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறாய்?

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் ஐந்து மாடி, துணிமூட்டையோடு, படியிலேயே ஏறி இறங்கினேன். இரண்டு முட்டியிலும் ஜவ்வு தேய்ந்துவிட்டது. "உங்க வயசுக்கு இது வரக்கூடாதே, என்ன வேல பாக்குறீங்க?" என்றார் டாக்டர். இனி படியே ஏறக்கூடாதாம். ஏப்ரல் கடைசியில் சலவைப் பிரிவைப் புதுக்கட்டடத்தில் ஒன்பதாவது மாடிக்கு மாற்றுகிறார்கள். லிஃப்டில் வா, இல்லை வேறு இடம் பார் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான், அவரும் என்ன செய்வார்.

ஊர் சுற்றிப் பார்க்க ஆசை என்று எழுதியது பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். லிஃப்டோடு பிறந்த மாதிரி ஒரு தம்பி இருக்கிறான், அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டால் வேலைக்கும் போய்விடலாம் என்று நினைத்தேன். வேறு யாரையும் நம்பி நான் அதற்குள் கால் வைக்க மாட்டேன். உன்னை நம்புவேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 10

அக்கா,

ஏப்ரலில் வர வேண்டாம். சைட்டில் வேலை அதிகம், இரண்டு ஆட்கள் குறைவு. பூக்களும் இந்த வருஷம் முன்னதாகவே உதிர்ந்துவிடும் என்கிறார்கள். டவரில் பராமரிப்பு வேலை நடக்கலாம். அடுத்த வருஷம் பார்ப்போம்.

முட்டிக்கு நல்ல டாக்டராகப் பார்.

தம்பி

*

பிப்ரவரி 16

தம்பிக்கு,

டவரில் பராமரிப்பு வேலை ஏதும் இல்லை. போன் செய்து கேட்டேன். ஒரு பெண் மரியாதையாகப் பதில் சொன்னாள்.

என் முட்டியைப் பற்றி அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னேன். சீருடை நனைந்ததையும் உன்னிடம்தான் சொன்னேன். அதற்கு இரண்டு ஆட்கள் குறைவு என்று பதில் வருகிறது.

என்னைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற வெட்கமாக இருக்கிறதா? லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா லிஃப்ட் வாசலில் நின்று நடுங்குவாள், உன் ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள், அதுதானே? நேராகச் சொல்லிவிடு. நேராகப் பேசுகிறவன் என்றுதானே பீற்றிக்கொள்வாய்.

டிக்கெட்டை ரத்து செய்யப் போவதில்லை.

அக்கா

*

பிப்ரவரி 25

அக்கா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. எப்படி இருந்தாலும் அனுப்பிவிடுவேன்.

அன்று மெஷின் ரூமில் இருந்தது வாட்ச்மேன் இல்லை. நான்.

அவர் படிக்கட்டுக்கு அடியில் தன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து வாசலில் ஆணியில் தொங்கியது. மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல நாளாக அரிப்பு. எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். ஏழாவது சாவி பொருந்தியது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மோட்டார் கிளம்பியது, கயிறுகள் ஓடின. யாரோ ஏறியிருக்கிறார்கள் என்று தெரியும். நீ என்று தெரியாது. பலகையில் சிவப்பாக, காளான் குடை மாதிரி ஒரு பொத்தான். அமுக்கினால் நிற்குமா என்று பார்க்க நினைத்தேன். அமுக்கினேன். நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். அவ்வளவு பெரிய மோட்டார் என் கைக்கு நின்றது. அப்போதுதான் நீ கத்தினாய்.

பொத்தானை இழுத்தேன், வரவில்லை. மறுபடி அமுக்கினேன், குத்தினேன், நகத்தால் நெம்பினேன். அசையவில்லை. கயிறு இறங்கும் துவாரம் வழியாக உன் குரல் வந்தது. முதலில் "யாராவது இருக்கீங்களா?" என்றாய். பிறகு "தம்பி" என்றாய். பதினோரு தடவை. எனக்குத்தான் எதையும் எண்ணாமல் இருக்க முடியாதே. அந்த ஆள் விலகிப் போனான் என்று எழுதியிருந்தாய். போனது நான். நீ என்னைக் கூப்பிட்டாய், எனக்குக் கேட்டது, நான் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு ஓடினேன்.

கையில் சாவிக்கொத்து இருந்தது. கீழே போய் ஆணியில் மாட்ட தைரியம் வரவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி கொஞ்சம் விலகியிருந்தது. உள்ளே போட்டேன். அதனால்தான் யாராலும் மெஷின் ரூமைத் திறக்க முடியவில்லை. மெக்கானிக் வந்து பூட்டை உடைக்க மூன்றரை மணி நேரம் ஆனது. சிவப்புப் பொத்தான் அமுங்கியிருந்ததைப் பார்த்து, வாட்ச்மேன் துடைக்கும்போது அமுக்கிவிட்டு மறந்தான், சாவியையும் தொலைத்தான் என்று முடிவு கட்டினார்கள். அவர் "ஆணியிலதான்யா மாட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீ சாவிச் சத்தத்தைப் பற்றிச் சொன்னாய். அப்பா அதை அப்படியே புகாராக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே வாட்ச்மேன் அறையைக் காலி செய்தார். அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனதை நான் ஜன்னலில் பார்த்தேன். "புள்ள ஒரு எடத்துல ஒக்காந்து ஒழுங்கா எழுதிட்டு இருந்தான்" என்று அம்மா எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள்.

ஏன் லிஃப்ட் வேலைக்கு வந்தாய் என்று கேட்பவர்களிடம் பிடிக்கும் என்று சொல்வேன். அந்தப் பொத்தான் ஏன் வெளியே வரவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. பயிற்சிக்கூடத்தில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். இழுக்கக் கூடாது. திருக வேண்டும். வலது பக்கம், கால்வாசி. தானாக மேலே வந்துவிடும். நான் எழுந்து வெளியே போனேன். தலைவலி என்றேன்.

உன்னை அசடு என்று எழுதியவன் நான். வர வேண்டாம் என்று எழுதியதற்குக் காரணம் வெட்கம் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன் என்று எழுதியிருந்தாய்.

தம்பி

*

மார்ச் 12

அக்கா,

பதினைந்து நாள் ஆகிறது. பதில் இல்லை. போன் செய்தேன், மாமா எடுத்து "அவ வேலையா இருக்காப்பா" என்றார். அவருக்குத் தெரியுமா என்று அவர் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். வாசலிலிருந்து படுக்கைவரை ஒரு படிகூட இல்லை, நானே நடந்து பார்த்தேன். பூங்காவில் சரிவுப்பாதை. படகுத்துறையில் மூன்று படி, கைப்பிடி உண்டு. மியூசியத்தில் என்ஜின்கள் எல்லாம் தரையில்தான். டவரை எடுத்துவிட்டேன். புது அட்டவணை இதோடு இருக்கிறது. நேரங்களைத் தாராளமாக விட்டிருக்கிறேன்.

திட்டியாவது எழுது.

தம்பி

*

மார்ச் 18

உனக்கு என்ன தைரியம், அட்டவணை அனுப்புகிறாய்!

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்தில், இஸ்திரி மெஷின் பக்கத்தில் நின்று படித்தேன். அன்று ஒரு படுக்கை விரிப்பைக் கருக்கிவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

பத்தொன்பது வருஷமாக நான் அந்த மனிதரை வெறுத்தேன். காக்கிச் சட்டையில் யாரைப் பார்த்தாலும் தெருவின் மறுபக்கம் போனேன். என் வயிற்றெரிச்சல் சும்மா விடாது என்று நினைத்துக்கொள்வேன். நான் கேட்டது சாவிச் சத்தம் மட்டும்தான். ஆனால் அப்பாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் நான் கத்துறதக் கேட்டுட்டு வேணும்னே போயிட்டான்பா" என்றேன். வேண்டுமென்று என்று எனக்கு யார் சொன்னது? அப்பா எழுதியதெல்லாம் என் வாயிலிருந்து வந்த வார்த்தை. நீ சாவியைத்தான் போட்டாய், அவர் பெயரை நான் போட்டேன். நீ ஒன்பது வயசுப் பையன். நான் பதினாறு.

நீ திட்டுக்காகக் காத்திருக்கிறாய். திட்டினால் உனக்குத் தேவலையாகிவிடும். அதனால் திட்டப் போவதில்லை.

அவரைக் கண்டுபிடி. உயிரோடு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று எனக்கு எழுது. போய், நேரில், உன் வாயால் சொல். காகிதத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பழைய கட்டடச் சங்கத்துக்கு அனுப்பு. அதுவரைக்கும் எனக்கு எழுதாதே.

அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் நாம் எல்லோரும் குடித்தோம். நீயும் குடித்தாய்.

*

ஏப்ரல் 4

அக்கா,

கண்டுபிடித்துவிட்டேன். உயிரோடு இருக்கிறார். இதே நகரத்தில்தான். நான் போன மாதம் வேலை பார்த்த கட்டடத்திலிருந்து இரண்டு தெரு.

பழைய கட்டடச் சங்கத்துக்கு எழுதினேன், காகிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. அந்த வாரமே அவர் இந்த நகரத்துக்கு ரயிலேறினார் என்று செயலாளர் பதில் போட்டார். எங்கள் கம்பெனிப் பதிவேட்டில், ஒவ்வொரு கட்டடத்திலும் மெஷின் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று பெயர் எழுதியிருக்கும். மற்ற கம்பெனி ஆட்களிடமும் கேட்டேன். அதே பெயரில் பதினான்கு பேர். தினமும் வேலை முடிந்ததும் போனேன். ஒன்பதாவது ஆள் அவர்.

ஆறு மாடி அலுவலகம். கீழே, கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மேஜை. தலை முழுக்க நரைத்துவிட்டது. சாவிக்கொத்து இடுப்பில் சங்கிலியோடு, அதற்கு மேல் ஒரு கயிறும் கட்டியிருக்கிறார்.

"எந்தக் கம்பெனி தம்பி? போன வாரந்தானே சர்வீஸ் பண்ணிட்டுப் போனாங்க" என்றார்.

சர்வீசுக்கு வரவில்லை என்று சொல்லி, நான் யார் என்று சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சொல்லி முடித்தால் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"சாவிய என்ன பண்ணே?"

"தண்ணித் தொட்டியில போட்டுட்டேன்."

"மேல் தொட்டியா, கீழ்த் தொட்டியா?"

"மேல்."

"நான் கீழ்த் தொட்டியில எறங்கித் தேடினேன்" என்றார். "கழுத்தளவு தண்ணி. காலாலயே துழாவித் துழாவிப் பாத்தேன். மேல பாக்கத் தோணல பாரு."

பிறகு அவராகவே பேசினார். "மொதல்ல நான் ஒத்துக்கல. அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரியே சொல்லவும், நாந்தான் மறந்துட்டேன்னு நம்பிட்டேன்யா. அந்தப் பொத்தான அமுக்கினது என் கைக்கு ஞாபகம்கூட இருக்கு. அமுக்கவே இல்லங்கிற, கைக்கு எப்படி ஞாபகம் இருக்கு?" இன்றும் வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறாராம். பத்தொன்பது வருஷமாக.

மன்னித்துவிடுங்கள் என்றேன். "மேல மீட்டிங்குக்கு ஆள் வருவாங்க, நீ கெளம்பு" என்றார். கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொடுத்தேன். படிக்காமல் மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தார். வாசல்வரை போனதும் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கு? கதவத் தெறந்தப்ப அதுக்குப் பேச்சே வரல."

முட்டியைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதாவது மாடியைப் பற்றியும் சொன்னேன்.

"வந்தா வரச் சொல்லு. நீ வராத" என்றார்.

முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. வாசலில் படி இல்லை.

பதினொன்றாம் தேதி 6.40-க்கு ஸ்டேஷனில் இருப்பேன். என்னோடு பேச வேண்டாம். பெட்டியைத் தூக்க ஒரு ஆள் என்று வைத்துக்கொள்.

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

ஒன்பதாம் தேதியே வந்துவிட்டேன். டிக்கெட்டை மாற்றிக்கொண்டேன். பெண்கள் விடுதி ஒன்றில் கீழ்த்தள அறை கிடைத்தது. நான்கு நாள் இருந்தேன், பன்னிரண்டாம் தேதி ரயிலேறினேன். உன் தெரு வழியாக ஒரு தடவை பஸ்ஸில் போனேன். ஆறாவது மாடியில் ஒரு நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. உன்னுடையதாக இருக்கலாம். காலர் ஓரம் சரியாக அலசவில்லை, அங்கிருந்தே தெரிந்தது.

பூக்கள் உதிரவில்லை. நீ சொன்ன வடக்கு வாசல் வழியாகவே போனேன். கூட்டம் குறைவுதான். படகிலும் போனேன். மாமாவுக்கு என்ஜின்களைச் சொல்லி முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

இரண்டாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். உனக்குச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆயிற்று என்றாய். எனக்கு வாசலிலேயே அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் அப்பாவிடம் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். "இருட்டுல கெடந்த புள்ள, என்னத்தச் சொன்னா என்ன" என்றார். "இருட்டு முடிஞ்சப்புறமும் அதையேதான் சொன்னேன்" என்றேன். அதை அவர் மறுக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு, "ஏறிப் பாக்குறியாம்மா?" என்றார். முடியாது என்றேன். "ஏற வேணாம். கதவு தெறந்தே இருக்கும், வாசல்ல நில்லு" என்றார். உள்ளே பலகையில் அதே மாதிரிச் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது. கையை மட்டும் நீட்டி அமுக்கச் சொன்னார், திருகச் சொன்னார். மேலே எழும்பியது. பத்துத் தடவை செய்தேன். குழந்தை விளையாடுகிற மாதிரி. அலுவலகத்துக்காரர் ஒருவர் வந்து "லிஃப்ட் ரிப்பேரா?" என்றார். "ஆமா சார், படில போங்க" என்றார் இவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

பதினொன்றாவது தடவை உள்ளே கால் வைத்தேன். அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, சங்கிலியைக் கழற்றி, சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார். "இது உங்கிட்ட இருக்குறப்ப வேற யாரு மேல போய் என்ன பண்ண முடியும்?" என்றார். கதவு மூடியது. என் கை நடுங்கிய நடுக்கத்தில் சாவிகள் குலுங்கின. அதே சத்தம். இந்தத் தடவை என் கையிலிருந்து வந்தது.

ஒரே ஒரு மாடி. அவ்வளவுதான். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, படி வழியாகவே இறங்கினேன். முட்டி வலித்தது.

டவருக்கும் போனேன். டிக்கெட் ஜன்னல்வரை போய்த் திரும்பிவிட்டேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கழுத்துதான் வலித்தது.

புதுக்கட்டடத்துக்குத் துணி போக ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை லிஃப்டில் ஒரு மாடி, செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு, நேற்று மூன்று. மே கடைசிவரை பார்க்கிறேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். என்னிடம் சாவிக்கொத்து இல்லை, அதனால் வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துக்கொள்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. வராததை எழுத மாட்டேன். மூடி மறைப்பது நம் வீட்டில் உன்னோடு நிற்கட்டும்.

பதினொன்றாம் தேதி நீ ஸ்டேஷனில் நின்றிருப்பாய். முன்பே வந்துவிட்டதை வேண்டுமென்றேதான் உனக்குச் சொல்லவில்லை. எத்தனை மணி நேரம் நின்றாய் என்று எழுது. மூன்றரைக்குக் குறைவு என்றால் எழுத வேண்டாம்.

அடுத்த வசந்தத்தில் டவர். நீ உள்ளே என்னோடு நிற்க வேண்டும். வெளியே நிற்கிற தம்பி எனக்கு வேண்டாம்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஏப்ரல் 26

அக்கா,

காலை 6.15-இலிருந்து மாலை 4.30 வரை. பத்தே கால் மணி நேரம். ஏழு ரயில்கள் வந்தன. நடுவில் டீ வாங்க ஒரு தடவை போனேன், அந்தப் பத்து நிமிஷத்தைக் கழித்துக்கொள்.

நான்காவது ரயிலுக்குப் பிறகு நீ வர மாட்டாய் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் நின்றேன்.

நீலச் சட்டை என்னுடையதுதான்.

அடுத்த ஏப்ரலுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் சூப்பர்வைசரும் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அட்டவணை போடவில்லை. நீ டிக்கெட் ஜன்னல்வரை போய்த் திரும்பினால் நானும் திரும்புகிறேன், எத்தனை தடவையானாலும்.

உள்ளே நிற்கிறேன். நீ "தம்பி" என்று கூப்பிட வேண்டியிருக்காது.

ஸ்க்ரூ